தாடைக்குழி

ஞாயிறு சந்தையில் கதவுக் கைப்பிடிகளுக்கும்
நின்றுபோன கடிகாரங்களுக்கும் நடுவில் கிடந்தது.
பதினெட்டு லெவா.
பிடியில் ஒரு விரிசல், எஃகில் பழுதில்லை.
எப்படிப் பிடிப்பதென்று விற்றவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
மீசை நரைக்கிற வயதில்
எந்தக் கையால் என்று யாரிடம் கேட்பது?

திங்களன்று காற்று எழுபதைத் தாண்டியது.
வர்னா துறைமுகத்தில் கிரேன்களெல்லாம்
கொக்கியை மேலே இழுத்துக்கொண்டு சும்மா நின்றன.
எனக்கு விடுப்பு. கருங்கடலுக்கு இல்லை.
இடுப்பு பெல்ட்டைத் தண்ணீர்க்குழாயில் மாட்டிக்
கத்தியை அறுபது முறை தீட்டினேன்.
வெந்நீர், நுரை, குளியலறைக் கண்ணாடி.

வலக்கன்னம் வலக்கைக்கு.
அதில் வழக்கில்லை.
காதருகே சாய்த்து வைத்ததும் தானே இறங்கியது.
மயிர் அறுபடும் ஓசை
வெளியிலிருந்து அல்ல, தாடையெலும்பு வழியாகக் கேட்கும் என்று
அதுவரை தெரியாது.

இடக்கன்னம் வந்தது.
வலக்கையை மூக்குக்கு மேலே தாண்டி அனுப்பினேன்.
முழங்கை கண்ணாடியை மறைத்தது.
எதைச் சிரைக்கிறேனோ அதைத் தவிர
எல்லாம் தெரிந்தது.
முதல் வெட்டு, உதட்டோரம்.
இரண்டாவது, முதல் வெட்டு எங்கே என்று திரும்பிப் பார்த்ததில்.

சரி, இடக்கை.
நாற்பது டன் பெட்டியைச் சுழற்றிக் கொண்டுபோய்க்
கப்பலின் வயிற்றில்
முட்டை வைப்பதுபோல் வைக்கிற கை.
பத்தொன்பது வருடமாகச் சுழற்சி முழுவதும்
இடப்பக்க நெம்புகோலில்தான்.
வலக்கைக்குத் தெரிந்ததெல்லாம் தூக்கு, இறக்கு.
அப்பேர்ப்பட்ட கை
அறுபது கிராம் எஃகைப் பிடித்துக்கொண்டு
முதல்நாள் வேலைக்கு வந்தவன்போல் நடுங்கியது.

கத்தியை மடக்கிவிட்டு
ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மொண்ணைக் கத்தியால்
நுரையை மட்டும் வழித்துப் பார்த்தேன்.
ஒரு தரம், நாலு தரம், தீர்ந்ததும் மறுபடி பூசி.
அப்போதும் கை
காதுக்குப் போகச் சொன்னால் மூக்குக்குப் போனது.
ஏனென்று கடைசியில்தான் பிடிபட்டது.

கீழே தளத்தில் நின்று
ரேடியோவில் வழி சொல்கிறவள் ஸ்தனிமிரா.
முகத்துக்கு முகம் நிற்பவள்.
விதிப்படி என் இடத்தைத்தான் இடம் என்று சொல்லவேண்டும்.
அவசரத்தில் தன்னுடையதைச் சொல்வாள்.
அது எனக்கு வலம்.
மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் போட்டுத்தான்
நெம்புகோலைத் தொடுவேன்.
எதிரே முகமிருந்தால் புரட்டு என்று
எலும்பில் ஏறிவிட்டது.

கண்ணாடிக்காரன் அப்படியில்லை.
நான் இடக்கையைத் தூக்கினால்
என் இடப்பக்கத்திலேயே தூக்குகிறான்.
எதிரே நின்றுகொண்டு
என் பக்கம் நிற்கிற ஒரே ஆள்.
அவனைப் போய்ப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தினேன். கத்தியை விரித்தேன்.
இடக்கைக்கு இடம் கொடுத்துவிட்டு
வலக்கையைத் தோலை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன்.
அதற்குக் கொஞ்சம் ரோஷம்தான்.
மெதுவாக, இன்னும் மெதுவாக,
பெட்டி தரைதட்டுமுன் மிஞ்சும் அந்தக் கடைசிச் சாண்போல,
காதிலிருந்து தாடை விளிம்புவரை
ரத்தமில்லாமல் வந்து சேர்ந்தது.
வெளியே யாருடைய ஜன்னலோ அடித்துக்கொண்டே இருந்தது.

மிச்சம் தாடைக்குழி.
அம்மா வழியில் வந்த பள்ளம், ஒரு பட்டாணி கொள்ளும்.
வலக்கை இது உன் எல்லை என்றது.
இடக்கை இல்லை உன் எல்லை என்றது.
நீ போ, நீ போ என்று
நுரை காயும்வரை இரண்டும் நின்றன.

மறுநாள் காற்று அடங்கியது.
ஏணி ஏறுமுன் ஸ்தனிமிரா
என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.
உதட்டோரப் பஞ்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
தன் தாடை நடுவில் விரல் வைத்து,
"இங்கே விட்டுட்டே, வெலிஸார்" என்றாள்.

புரட்ட அதில் ஏதுமில்லை.
சட்டென்று தொட்டுப் பார்த்தேன், சொரசொரவென்றிருந்தது.
எந்தக் கையால் தொட்டேன் என்று
இப்போது நினைவில்லை.